கறுப்பு, பழைய மாடல்

“இதுக்குப் போன் எங்க சார்?” என்று கேட்டாள் நர்ஸ்.

ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்து, அதிலிருந்து விழுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். சீப்பு ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று. ஊசி குத்திய நூல்கண்டு ஒன்று. ஸ்வெட்டர் ஒன்று. ஒற்றைக் காதில் மாட்டும் ப்ளூடூத் ஒன்று. அந்த ஐந்தாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

அவன் அந்தக் கருவியைப் பார்த்தான். அதன் ஓரத்தில் இருந்த நீல விளக்கு இன்னும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அக்கா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குப் போன் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு. “பெட்லதான் இருந்திருக்கும்,” என்றான். என்ன கலர் என்று நர்ஸ் கேட்டாள். “கறுப்பு. பழைய மாடல்தான்,” என்றான்.

யாராவது விவரம் கேட்டால் உடனே ஒரு விவரத்தை எடுத்து நீட்டுவது அவனுக்குத் தொழில். நகர அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடமாக வழிகாட்டி வேலை. இந்தப் பானையில் என்ன இருந்தது என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டால், தெரியாது என்று அவன் சொன்னதே இல்லை. ஆனால் இன்று காலையில், இறந்துபோன அக்காவின் சாமான்களுக்கு முன்னால், இல்லாத போனுக்கு நிறம் சொன்னதை நினைத்தால் அவனுக்கே காது சுட்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. எட்டு நாளாக அந்த அம்மா எந்நேரமும் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், வார்டு முழுக்கப் பார்த்தது என்றாள் நர்ஸ். இந்த மாதத்தில் காணாமல்போன மூன்றாவது போன் இது. இனி சும்மா விட முடியாது, விசாரிக்கச் சொல்கிறேன் என்றாள். பழைய போன்தானே, போகட்டும் விடுங்கள் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். துக்கத்தில் இருக்கிற மனிதர் அப்படித்தான் சொல்வார் என்று அவள் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. “நீங்க கவலைப்படாதீங்க சார், நாங்க பார்த்துக்கறோம்,” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அவன் ப்ளூடூத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டி ஏற்பாடு பண்ணப் போனான்.

*

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் குரல் கேட்க ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது பன்னிரண்டு. அம்மா அதற்கு முந்தின வருடம் போயிருந்தாள், அப்பா அதற்கும் முன்னாலேயே. வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். தெருமுனைத் தையல் கடைக்காரரிடமிருந்து சட்டைகளை வாங்கி வந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள் அக்கா. ஒரு நாள் ஊசியை நிறுத்திவிட்டு, பின்னால் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புகிற மாதிரி திரும்பி, “இதோ குடிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். பேசியது யார் என்று அவன் கேட்டதற்கு, ஒரு பெரியவர் என்றாள். அன்றிலிருந்து அந்தக் குரலுக்குப் பெயர் பெரியவர்.

பெரியவர் பெரும்பாலும் சின்ன விஷயங்களைத்தான் சொன்னார். தண்ணீர் குடி. கதவைச் சாத்து. ஜன்னல் பக்கம் உட்காராதே. சில நாட்களில் அவருக்கு வாய் கெட்டுப்போகும். அந்த நாட்களில் அக்கா ஒரு போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, “சரி, சரி, நான் ஒண்ணும் பண்ணலையே,” என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். மாத்திரைகள் வந்த பிறகு அவர் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டார். ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை.

அக்காவின் காஜாவில்தான் அவன் படித்தான். படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகுதான் அவனுக்கு அக்காவைப் பற்றி வெட்கம் வந்தது. அதற்கு முன்னால் வெட்கப்பட நேரம் இருக்கவில்லை என்றும் சொல்லலாம்.

ரேடியோ யோசனையை அவன்தான் கண்டுபிடித்தான். முன்னறையில் அலமாரித் தட்டில், குமிழ் வைத்த ஒரு பழைய ரேடியோ. யாராவது வீட்டுக்கு வந்தால் அதைச் சத்தமாக வைத்துவிட வேண்டியது. உள்ளறையில் அக்கா பேசுவது செய்தியோடு செய்தியாகக் கலந்துவிடும். மனைவி இதில் அவனை மிஞ்சிவிட்டாள். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே அவள் கை தானாகக் குமிழுக்குப் போகும். வந்தவர்கள் இரண்டு பங்கு சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் காது மந்தம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அவர்களுக்கு வசதியாகவே இருந்தது.

ஆனால் அருங்காட்சியகத்தில் அவன் பேச்சே வேறு. முதல் மாடியில் மிகப் பழைய குடியிருப்புகளின் அறை ஒன்று இருந்தது. முகத்தில் பாதியைக் கண்ணாகவே வைத்துச் செய்த மண் பொம்மைகள், அவற்றின் வாய்க்கு நேரே வைக்கப்பட்ட குட்டிக் கிண்ணங்கள். கூட்டத்தை அங்கே நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு அவன் ஆரம்பிப்பான். ஒரு கருத்து இருக்கிறது, எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் கேளுங்கள் என்பான். ஆதியில் மனிதனுக்கு ‘நான்’ என்ற எண்ணமே இருந்திருக்காது. என்ன செய்வது என்று தெரியாமல் அவன் திகைத்து நிற்கும்போது ஒரு குரல் கேட்கும். இதைச் செய், அங்கே போ என்று சொல்லும். இறந்துபோன தலைவனின் குரல். இறந்தும் அவன் பேசிக்கொண்டே இருந்ததால்தான் அவனுக்குச் சாப்பாடு வைத்தார்கள், பொம்மை செய்தார்கள், அந்தப் பொம்மையைச் சுற்றி ஊர் கட்டினார்கள். பிறகு ஊர்கள் பெரிதாகின, சண்டைகளும் இடப்பெயர்ச்சியும் வந்தன, எழுத்து வந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அந்த நிசப்தத்தில்தான் மனிதனுக்குள்ளே ஓர் அறை திறந்தது. அவன் அதற்குள் உட்கார்ந்து தன்னைத்தானே பார்க்கத் தொடங்கினான்.

கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்ப்பான். “பார்த்ததும் அவனுக்கு முதலில் வந்தது வெட்கம்தான்.” அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும், பின்னாலேயே கைதட்டலும் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் நேரக் கூட்டத்தில், தொப்பி போட்ட சுற்றுலாப் பயணிகளுக்குப் பின்னால், தையல் கடைப் பையோடு அக்கா நின்றாள். அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. அவன் பாதி வரியில் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டான். கைதட்டல் முடிந்து, கேள்விகள் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டான். அக்கா கையைத் தூக்கினாள்.

“அந்தக் காலத்துல குரல் கேட்டவங்களை வீட்டுல என்ன பண்ணாங்க?”

நல்ல கேள்விதான். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் அவள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, “இருங்க, கேட்டுட்டுத்தான் வரேன்,” என்று பெரியவருக்குப் பதில் சொன்னாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைக் கைப்பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நல்லாப் பார்த்துக்கிட்டாங்க, அம்மா,” என்றான் அவன். “அடுத்த கேள்வி?”

அம்மா என்றான். முன்பின் தெரியாத வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவான். கூட்டம் கலைந்தபோது ஒருவர் வந்து, அந்த அம்மா உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றான். அக்கா நான்கடி தூரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்குமா கேட்டிருக்காதா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டில் சாப்பாடு போடும்போது, “நல்லாப் பேசினேடா தம்பி,” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் அந்த ப்ளூடூத்தை வாங்கி வந்தான். இப்போது தெருவில் பாதிப் பேர் தனியாகப் பேசிக்கொண்டுதான் போகிறார்கள், இதை மாட்டிக்கொண்டால் நீயும் அவர்களில் ஒருத்தி, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அதைப் பெரிய உபகாரமாகவே எடுத்துச் சொன்னான். அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு நாள்கூடக் கழற்றவில்லை. தினமும் மறக்காமல் சார்ஜ் போட்டாள். பாவம், அது வேலை செய்கிறதென்று நம்பிவிட்டாள் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததில் அவனுக்கு நிம்மதியும் இருந்தது.

*

பகல் பதினோரு மணிக்கு அக்கா முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தாள். சுவரோரமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். தையல் கடைக்காரர் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முடிக்காத சட்டைகள் இருந்தால் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மகளும் மருமகனும் வந்தார்கள். அவர்களோடு சம்பந்தியம்மாவும் வந்து, அக்காவின் தலைமாட்டிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

சம்பந்தியம்மாவுக்கு அக்காமேல் தனி மதிப்பு. மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோது, எப்போதும் காதில் கருவியோடு பேசிக்கொண்டிருக்கும் இந்த அம்மா யார் என்ற கேள்வி வந்தது. வீட்டிலிருந்தே ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் புகார் கேட்கிறார்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா சும்மா இருக்கவில்லை. தன் வீட்டு லைன் ஒரு மாதமாகச் செத்துக் கிடப்பதை அக்காவிடமே சொன்னார். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டு, “சொல்லிப் பார்க்கறேன்,” என்றாள். இரண்டு நாளில் லைன் தானாகச் சரியாகிவிட்டது. அதிலிருந்து சம்பந்தியம்மா போகிற இடமெல்லாம் அக்காவின் திறமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதும் பக்கத்து நாற்காலிக்காரியிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நர்ஸிடமிருந்து போன் வந்தது. அவன் சமையலறைக்குப் போய் எடுத்தான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றாள் நர்ஸ். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டு நாளும் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரப் பெண்தான். அக்காவோடு எந்நேரமும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவள். போனைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்கவில்லையாம். எடுக்காதவள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு விழிக்கிறாள் என்றாள் நர்ஸ். முந்தைய இரண்டு போனும் அவள்மேல்தான் வரும் போலிருக்கிறது. நீங்கள் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் சூப்பர்வைசர் இன்றோடு அவளை நிறுத்திவிடுவார்.

அவன் மனைவியிடம் சொன்னான். அவள் தண்ணீர்க் குடத்தை மூடிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தாள். “போன் வீட்டுலயே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்கும் கெடுதல் இல்ல,” என்றாள். “சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள்.”

சரியென்றுதான் அவனுக்கும் பட்டது. இருபது வருடத்துக்கு மேலாக நடத்தி வந்தது, இன்னும் ஒரு நாள். அவன் போனை எடுப்பதற்குள் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

சீருடையை மாற்றாமலேயே வந்திருந்தாள் அந்தப் பெண். நாற்பது வயது இருக்கும். கைகள் மருந்துத் தண்ணீரில் வெளுத்திருந்தன. உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, முன்னறையில் கிடந்த அக்காவை எட்டிப் பார்த்தாள். அவன் அவசரமாக வெளியே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டான்.

“போன் வீட்டுலயே கிடைச்சிடுச்சும்மா,” என்றான் அவள் கேட்பதற்கு முன்பே. “உங்கமேல தப்பில்ல. இப்பவே சூப்பர்வைசருக்குச் சொல்லிடறேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. அவன்தான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“போன் இல்லன்னு எனக்குத் தெரியும் சார்,” என்றாள் மெதுவாக.

அவன் பின்னால் கையை விட்டுக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினான்.

“அக்காவே சொன்னாங்க. ரெண்டாவது நாளே சொல்லிட்டாங்க. நான் அந்த மெஷினை வராண்டா பிளக்குல சார்ஜ் போட்டுக் கொண்டாந்து குடுப்பேன். இது பேசாதுல்லக்கா, எதுக்கு தெனமும் சார்ஜுன்னு கேட்டேன். லைட்டு எரியலன்னா பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்கன்னாங்க.”

“அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான் அவன். “வேலை செய்யாதுன்னு?”

“தெரியாம எப்படி சார்? அவங்களுக்குக் கேட்கிறதுதான் மெஷின் இல்லாமலே கேட்குதே.” அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். “என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்தான், இதை மாட்டினாத்தான் அவனுக்கு நிம்மதியா இருக்கு, அதான் மாட்டிக்கிறேன்னு சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத, அவனுக்குத் தலைகுனிவாப் போயிடும்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதான் சூப்பர்வைசர் சார் கேட்டப்பவும் நான் வாயைத் திறக்கல. நீங்க வீட்டுல கிடைச்சுதுன்னே சொல்லுங்க சார், எனக்கு அது போதும்.”

பிறகு, கேட்காமலேயே ஒன்றைச் சேர்த்தாள். “உங்க மியூசியத்துக்கு ஒரு தடவை வந்தாங்களாமே. நீங்க ரொம்ப நல்லாப் பேசுவீங்கன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாங்க.”

அக்கா வேறு ஏதாவது சொன்னாளா என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று அவளை யாரோ போல ‘அம்மா’ என்று கூப்பிட்டதை அக்கா இந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சொல்லியிருந்தால் இவள் இத்தனை மரியாதையாக அவன் முன்னால் நின்றிருக்க மாட்டாள். நின்றுகொண்டே புதைந்துபோக முடியுமானால் அவன் அந்த வாசல்படியிலேயே புதைந்துபோயிருப்பான். யாரையோ ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். அத்தனை நாளும் அவனை ஏமாறவிட்டு, அதற்குத் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது அக்காதான்.

*

அவன் அங்கேயே நின்று சூப்பர்வைசரை அழைத்தான். எடுத்தவரின் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. யார், யார் என்று இரண்டு தடவை கேட்டார். வாசலில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அவன் கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்குள் வர வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணும் தயங்கித் தயங்கி அவன் பின்னால் வந்து, கதவோரமாக நின்றாள்.

போன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று அவன் சொன்னான். மனைவி சமையலறை வாசலில் நின்று தலையசைத்தாள்.

“கிடைச்சிடுச்சா?” சூப்பர்வைசரின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. “எட்டு நாளா வார்டுல பேசின போன் வீட்டுல எப்படி சார் கிடைக்கும்? அந்தப் பொம்பள அங்கதான் வந்திருக்காளா? கொண்டாந்து குடுத்துட்டுக் கால்ல விழுந்தாளா? நீங்க நல்ல மனசு சார், காட்டிக்குடுக்க மாட்டேங்கறீங்க. புரியுது. நான் பார்த்துக்கறேன். இனி அவ எந்த ஆஸ்பத்திரியிலயும் வாளி தூக்க முடியாது.”

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் சூப்பர்வைசர் பேசியதைக் கேட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

“இல்ல சார். அவங்க கொண்டு வரல,” என்றான்.

“கேட்கல.”

“அவங்க எடுக்கல. போனே கிடையாது.”

“சத்தமாச் சொல்லுங்க சார், இங்க மோட்டார் ஓடுது.”

“எங்க அக்காகிட்ட போனே கிடையாது!”

நாற்காலிகளில் பேச்சு நின்றது. மகள் தலையை நிமிர்த்தினாள். சம்பந்தியம்மா பாதிக் கதையில் வாயை மூடிக்கொண்டார்.

“அப்ப யார்கிட்ட சார் பேசினாங்க?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அதே கேள்விக்கு அவன் ஒரு நாளைக்கு மூன்று தடவை பதில் சொல்கிறவன். மண் பொம்மைகளைக் காட்டி, எங்கே குரலைத் தணிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அளந்து வைத்து, கைதட்டல் வாங்குகிறவன். இப்போது அந்தப் பேச்சிலிருந்து ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை.

“அவங்களுக்குக் குரல் கேட்கும்,” என்றான் சத்தமாக. “பத்தொன்பது வயசுலேருந்து. அதுக்குத்தான் பதில் சொல்லுவாங்க. எனக்கு வெளியில தலைகாட்ட வெட்கமா இருந்துச்சு. நான்தான் அந்த மெஷினை வாங்கி அவங்க காதுல மாட்டிவிட்டேன். காலையில நர்ஸ் கேட்டப்பவும் நான்தான் பொய் சொன்னேன். கறுப்பு கலர்னு சொன்னேன். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எங்க மானம் போகக் கூடாதுன்னு சொல்லாம இருந்தாங்க.”

மறுமுனையில் மோட்டார் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. யாரோ அதை அணைத்தார்கள்.

“சரி சார்,” என்றார் சூப்பர்வைசர். அவர் குரல் சின்னதாகியிருந்தது. “நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வரச் சொல்லுங்க.”

அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். பிறகு யாரிடமும் கேட்காமல் நேராக அக்காவிடம் போய்க் குனிந்து, வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்பதுபோல அவள் கையை ஒரு தடவை தொட்டாள். வந்த மாதிரியே சத்தமில்லாமல் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருமகன் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். கடைசியில் சம்பந்தியம்மாதான் வாயைத் திறந்தார்.

“அப்ப எங்க வீட்டு லைன்?” என்று கேட்டார்.

“அது தானாச் சரியாகியிருக்கும்,” என்றாள் மனைவி.

சம்பந்தியம்மா அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் போட்டுப் புரட்டினார். எழுந்து போய்விடுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

*

நான்கு மணிக்கு வண்டி வருமென்று சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கு மகள் வந்து, அத்தையை அந்த ப்ளூடூத் இல்லாமல் பார்க்க என்னமோ மாதிரி இருக்கிறது, கடைசியாக மாட்டிவிடலாமா அப்பா என்று கேட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். சின்ன வயதில் அத்தையின் மடியில் உட்கார்ந்து, பெரியவர் இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான். அதை வெளியில் சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான்.

அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். கருவியில் விளக்கு அணைந்துவிட்டிருந்தது. “வேண்டாம்மா. காது காத்தாட இருக்கட்டும்,” என்றான்.

அக்காவின் வலது காதில் மூன்று வருடமாக அது உட்கார்ந்திருந்த இடம் ஒரு தழும்பாகத் தெரிந்தது. காதுமடலுக்குப் பின்னால் தோல் சிவந்து, காய்த்துப் போயிருந்தது. அது வலித்திருக்க வேண்டும். வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை.

இறந்தவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை என்று இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவன், காலையிலிருந்தே உள்ளுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒரு ‘டேய்’ போதும். ஏன்டா அப்படிச் சொன்னே என்று திட்டினாலும் போதும். ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குள் கேட்டதெல்லாம் அவனுடைய சொந்தக் குரல்தான், அதுவும் அந்த அருங்காட்சியகக் குரல், ஏற்ற இறக்கத்தோடு.

அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா,” என்றான்.

சாதாரணமாகப் பேசுகிற சத்தத்தில்தான் சொன்னான். சம்பந்தியம்மாவின் கண் உடனே அவன் காதுக்குப் போயிற்று. இந்தக் காதைப் பார்த்துவிட்டு அந்தக் காதையும் பார்த்தார்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. குரல் கேட்டவங்களை வீட்டுல என்ன பண்ணாங்கன்னு.” செருமிக்கொண்டான். “அவங்க என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது. சும்மா சொன்னேன். நாங்க ரேடியோவைச் சத்தமா வச்சோம்.”

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, மூன்று நான்கு பேர். அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தார்கள். முன்னால் இயக்குநர், பின்னால் ஒரு பெரிய மலர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு காவலாளிகள். அவன் அவர்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் அக்கா பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினான்.

மனைவியின் கை பழக்கத்தில் அலமாரித் தட்டுக்குப் போய்விட்டது. குமிழின்மேல் இரண்டு விரல்கள் நின்றன. அவள் அதைத் திருகவில்லை. அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு வழிவிட்டாள்.